காரை ஏன் பெயர்கிறது?

பாளையங்கோட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் பராமரிப்பு என் பொறுப்பு. வேலைக்குச் சேரும் தம்பிகளுக்கு ஒயரிங் தெரியும், குழாய் வேலை தெரியும், மோட்டாரைக் கழற்றி மாட்டவும் தெரியும். வராந்தாவின் மேல்தளத்தில் இருக்கும் ஒரு பழுப்புக் கறையைக் காட்டி, "இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டால் மட்டும் திணறிப்போவார்கள். "பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சிருவோம் அண்ணாச்சி" என்பார்கள். அடித்தால் ஆறு மாதம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு நாள் அதே இடத்திலிருந்து கை அகலக் காரை பொத்தென்று விழும். கீழே ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். அதனால் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அந்தக் கறைக்குள் நடக்கும் கதையைத்தான்.

அதற்கு முதலில் தளத்துக்குள் கம்பி ஏன் இருக்கிறது என்று தெரிய வேண்டும். நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே தாமிரபரணியைக் கடக்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அதன் பழைய வளைவுகள் கம்பி போட்ட கான்கிரீட் அல்ல. வளைவு என்ற வடிவமே மேலே வரும் எடையை அமுக்கமாக மாற்றித் தூண்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கல்லும் சுண்ணாம்பும் அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். கான்கிரீட்டும் அந்த ஜாதிதான். அமுக்கத்தைத் தாங்கும் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவைக்கு எதிராக அதனிடம் உண்டு. தட்டையான மேல்தளமோ எடையில் துளி தொய்யும். தொய்யும்போது மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். அந்த இழுவையை வாங்கிக்கொள்ளத்தான் கம்பி. எனவே அது தளத்தின் அடிப்பக்கத்தை ஒட்டிக் கிடக்கும்: நம் தலைக்கு நேர் மேலே, ஒரு விரல் கனக் கான்கிரீட்டுக்கு உள்ளே. வெப்பத்தில் இரும்பும் கான்கிரீட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு விரிவதால் அக்னி நட்சத்திர வெயிலிலும் இரண்டும் பிரிவதில்லை.

சரி, ஈரச் சிமென்ட்டுக்குள் புதைத்த இரும்பு ஏன் மறுநாளே துருப்பிடிப்பதில்லை? சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது சுண்ணாம்பும், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடும், உண்டாகிறது. காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு புதுக் கான்கிரீட்டில் 12.5ஐத் தாண்டி நிற்கும். அத்தனை காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடுப் படலம் படிந்து போர்வையாகிவிடுகிறது. அது இருக்கும்வரை ஈரமும் காற்றும் வந்தாலும் கம்பி துருவேறாது.

அந்தப் போர்வையைக் கிழிப்பது நாம் மூச்சில் விடும் கரியமில வாயுதான். நுண்துளைகள் வழியாக நுழைந்து, உள்ளிருக்கும் ஈரத்தில் கரைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. சுண்ணாம்புச் சாந்து காலப்போக்கில் கல்லாக இறுகுவதும் இதே வினையால்தான். நம் பாட்டன்மார் கட்டிய காரைச் சுவர்களை நிற்கவைத்திருக்கும் வேதியியல், கம்பி போட்ட தளத்தில் வேறு வேலை செய்கிறது. கான்கிரீட் அதனால் பலவீனமாவதில்லை. ஆனால் காரம் தீர்ந்துபோகிறது. பி.எச். 9க்குக் கீழே இறங்கிவிட்டால் கம்பிக்குப் போர்வை இல்லை. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கான்கிரீட்டைப் புதிதாக உடைத்த இடத்தில், பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். காரம் போன பகுதி நிறமே மாறாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது ஒரு நோயாளியின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததுபோல இருந்தது எனக்கு.

இந்த வாயு உள்ளே இறங்கும் வேகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு மடங்கு ஆழம் போக அதற்கு நான்கு மடங்கு காலம் வேண்டும். ஒரு தளத்தில் 10 மில்லிமீட்டர் இறங்க 10 ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் இறங்க 40 ஆண்டு ஆகும். அடிப்பக்கக் கனம் பாதியானால் கம்பிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கால்வாசிதான். வீட்டுத் தளங்களில் கம்பிக்கு அடியில் குறைந்தது 20 மில்லிமீட்டர் விட வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. கம்பியை அடிப்பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டையான கவர் பிளாக்கை வைக்காமல் ஒரு ஜல்லியைச் செருகிவிட்டு, கான்கிரீட் போடும் நாளில் கம்பி மேலேயே நடந்தால், கம்பி பலகையோடு போய் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட தளத்தைக் கீழிருந்து பார்த்தாலே கம்பி போன பாதை கோடு கோடாகத் தெரியும்.

கலவையில் ஊற்றும் தண்ணீரும் இதில் சேர்த்தி. சிமென்ட் தன்னோடு பிணைத்துக்கொள்வது ஏறக்குறைய அதன் எடையில் கால் பங்குத் தண்ணீரைத்தான். 50 கிலோ மூட்டைக்குப் பன்னிரண்டரை லிட்டர். கலக்கிப் போட வசதியாக 25 லிட்டர் வரை ஊற்றுவது உண்டு. அதற்கும் மேல் "இன்னும் ரெண்டு வாளி விடு" என்றால், அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போன வழியெல்லாம் துளையாக நின்றுவிடும். வாயுவும் மழையும் அந்த வழியாகத்தான் வரும்.

போர்வை போன கம்பிக்கு ஈரம் எட்டியதும் துரு தொடங்குகிறது. துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்த பொருள். அது தான் தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைக்கும். கான்கிரீட்டுக்குள் வேறு இடம் ஏது? உள்ளிருந்தே தள்ளும். இழுவைக்குத் தாங்காத கான்கிரீட் கம்பியின் நீளத்துக்குக் கீறும். கீறல் வழியே இன்னும் ஈரம் வரும். கடைசியில் அடிப்பக்கம் அப்படியே பெயர்ந்துவிடும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கடற்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு, காரம் குறையாத கான்கிரீட்டிலும் அந்தப் போர்வையைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடும். கழுவாத கடல் மணலையும் உப்புத் தண்ணீரையும் கலவையில் சேர்த்தால், கட்டும் நாளிலேயே நோயை உள்ளே வைத்து மூடியதாகத்தான் அர்த்தம்.

இனி அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சுவரின் அடியிலிருந்து மேல் நோக்கி ஏறி, இடுப்பளவில் நின்று, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது மண்ணிலிருந்து ஏறிய ஓதம். மெல்லிய துளைக்குள் தண்ணீர் தானாகவே ஏறும். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலில் 3 சென்டிமீட்டர்தான் ஏறும். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளையில் 30 சென்டிமீட்டர். மழைக்கு மட்டும் தலைகாட்டி வெயிலுக்கு மறையும் கறை மொட்டை மாடியிலிருந்து வருவது. கோடையிலும் காயாமல் நிற்பது பெரும்பாலும் குழாய் ஒழுக்கு, இல்லையென்றால் மேல்மாடிக் குளியலறை.

கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் மாடியில் வேப்பஞ்சருகு ஒரு வடிகுழாயின் வாயை அடைத்து, தண்ணீர் இரண்டு நாள் கட்டி நின்றது. சொட்டியதோ அங்கிருந்து பதினைந்தடி தள்ளி, ஒரு மின்விசிறிக் கொக்கியின் அடியில். தளத்துக்குள் புதைத்த ஒயர் குழாய் வழியாகவே தண்ணீர் நடந்து வந்திருக்கிறது. இப்படி ஒரு சொட்டைக் கண்டால், ஏணியைத் தொடும் முன் அந்த லைனின் மின்சாரத்தை அணைக்க வேண்டும். இதை நான் ஒவ்வொரு தம்பியிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அடுத்த வேலை தட்டிப் பார்ப்பது. சின்னச் சுத்தியலால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று பேசும். உள்ளே பிரிந்த இடம் பொக்கென்று கேட்கும். பொக்கென்ற இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டு, கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட வேண்டும். கம்பி தேய்ந்து மெலிந்திருந்தால், பீமில் கீறல் இருந்தால், முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட வேண்டியதுதான். அது நம் கைவேலை அல்ல. மற்ற இடத்தில், கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். துருவை விட்டுவிட்டு மேலே பூசினால் அது உள்ளே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். இதற்கெல்லாம் முன்னால் மாடியில் தண்ணீர் வரும் வழியை அடைத்திருக்க வேண்டும். பூசிய பிறகு கலவைக்கு ஏற்றபடி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; சாதாரணச் சிமென்ட் என்றால் குறைந்தது ஏழு நாள்.

அந்த டிசம்பரில் சொட்டிய கொக்கியைச் சுற்றி இப்போது ஒன்றரை அடி வட்டம் பொக்கென்று கேட்கிறது. சாக்கட்டிக் கோடு போட்டாயிற்று. ஐப்பசி பிறக்கும் முன் மாடிச் சருகை அள்ளி, வடிகுழாய் வாய்க்கு வலை கட்டிவிட்டு, கொத்துவதை அங்கேதான் தொடங்கப்போகிறோம்.