ட்ராமா: அதிர்ச்சியா, வடுவா, காயமா?

டர்பனில் ட்ராமா என்றதும் பலருக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். விபத்தில் அடிபட்டவரையும் கத்திக்குத்து வாங்கியவரையும் தூக்கிக்கொண்டு ஓடும் பிரிவுக்குத் தென்னாப்பிரிக்காவில் 'ட்ராமா யூனிட்' என்று பெயர். சொல்லின் பழைய பொருளும் இதுவே: கிரேக்கத்தில் அது உடற்காயம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் விபத்தில் தப்பியவர்கள் மேலுக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் தூக்கம் கெட்டு நடுங்கினார்கள். மருத்துவர்கள் முதலில் முதுகெலும்பில் கோளாறு தேடினார்கள். அந்தத் தேடலில்தான் சொல் மெல்ல மனத்துக்கு இடம் மாறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் எழுதுவது 'அதிர்ச்சி'. அது ஒரு கணத்தில் வந்துபோவது. லாட்டரி விழுந்தாலும் அதிர்ச்சிதான். வருஷக்கணக்காகப் புருஷனிடம் அடிவாங்குபவளின் நிலையை அந்தச் சொல் தாங்காது. ஈழத்தில் மனவடு, உளநெருக்கீடு என்ற சொற்கள் வழங்குகின்றன. இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் வடு என்பது புண் ஆறிய பிறகு நிற்கும் தடம். 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்' என்ற குறளும் புண்ணையும் வடுவையும் பிரித்தே வைக்கிறது. அடித்தவன் இன்னும் அதே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதை வடு என்பது? என் ஓட்டு 'உளக்காயம்' என்பதற்கு.

தாய்க்குப் பட்ட இந்தக் காயம் பிள்ளையை எட்டும் வழிகள் பல. கர்ப்பத்திலேயே தொடங்கலாம்: ஓயாத பயத்தில் தாயின் உடலில் கார்டிசால் போன்ற சுரப்புகளின் ஒழுங்கு குலைகிறது, கருவின் வளர்ச்சியையும் அது தொடுகிறது. பிறந்த பிறகு முகம்தான் முக்கியம். குழந்தை 'ங்கா' என்கிறது, தாய் பதிலுக்குச் சிரிக்கிறாள், அது மறுபடி 'ங்கா' என்கிறது. பேச்சும் நம்பிக்கையும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் ஊறுகின்றன. உளக்காயம் பட்ட தாய் சிலசமயம் மரத்துப்போயிருப்பாள்; குழந்தை கூப்பிடுவது காதில் விழும், முகம் அசையாது. சிலசமயம் வாசலில் கார் நிற்கும் சத்தத்துக்கே உடம்பு விறைக்கும், மடியில் இருக்கும் பிள்ளையும் கூடவே விறைக்கும்.

கேப் டவுனுக்கு அருகே பார்ல் பகுதியில், 2012 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிள்ளைகளோடு தொடர்ந்து கவனித்துவரும் டிராக்கன்ஸ்டைன் ஆய்வு இதை அளந்திருக்கிறது. உளக்காயத்தின் பின்விளைவோடு வாழும் தாய்மாரின் குழந்தைகள் கைவிரல்களின் நுண்ணிய அசைவில் பின்தங்கியிருந்தனர்.

இதைப் படித்துவிட்டு 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காயப்பட்டவள் அவள், காயப்படுத்தியவன் வேறு ஆள். பின்தங்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதுதான் கண்டது, தலையெழுத்து என்று யாரும் சொல்லவில்லை. தாய்க்குப் பாதுகாப்பும் சிகிச்சையும் கிடைத்தால் பிள்ளை தேறும் வாய்ப்பும் கூடும். நம்பி ஒட்டிக்கொள்ள வீட்டில் ஒரு ஆயாவோ சித்தியோ இருப்பதும் பெரிய பலம்.

தென்னாப்பிரிக்கச் சட்டமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தம், வேண்டுமென்றே ஒரு குழந்தையை வன்முறையைப் பார்க்கவோ கேட்கவோ அதன் விளைவை அனுபவிக்கவோ வைப்பதையும் குடும்ப வன்முறை என்றே கொள்கிறது. நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கப் போகிறவர்கள், பிள்ளை எதைப் பார்த்தது, எதைக் கேட்டது என்பதையும் மனுவில் எழுதலாம்.