நம் கையில் எதுவும் இல்லாதபோது உடல் என்ன செய்கிறது?

மேலதிகாரி திடீரென்று அறைக்குக் கூப்பிடுகிறார். அல்லது தேர்வில் கேள்வித்தாள் கைக்கு வருகிறது. சில நொடிகளில் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இந்தப் படபடப்புக்குக் காரணம், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி விடுவிக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன். அதே சுரப்பி கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனையும் சுரக்கிறது. அதற்கான உத்தரவு மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸில் தொடங்கி, அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாக வருவதால் கொஞ்சம் தாமதமாகும். ரத்தத்தில் அது உச்சத்தைத் தொட ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும்.

கார்டிசோல் எதிரி அல்ல. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றித் தெம்பு தருகிறது. அளவு கூடியதும் மூளைக்கே தகவல் போய்ச் சுரப்பு குறைகிறது. நாள்தோறும் இது ஓயாமல் நடந்தால்தான் சிக்கல். தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும். கார்டிசோல் மிகும்போது, மனதில் பதிந்ததை வெளியே எடுப்பதும் தடுமாறும். நன்றாகப் படித்த பிள்ளை தேர்வறையில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பிள்ளையிடம் போய் 'நீ படிக்கவில்லை' என்று சொல்வது அநியாயம்.

சரி, கார்டிசோலை அதிகம் ஏற்றுவது எது? 208 ஆய்வகப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2004-ஆம் ஆண்டு ஆய்வு இரண்டைச் சொல்கிறது: முடிவு நம் கையில் இல்லாத நிலை, பிறர் நம்மை எடைபோடும் நிலை. இரண்டும் சேர்ந்தால் ஏற்றம் மிக அதிகம். பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1985-இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்விலும், தம் வேலையில் தமக்கே அதிகாரம் குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்தது.

மெதுவாக, நீளமாக மூச்சை வெளிவிட்டால், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். நல்ல பயிற்சிதான். ஆனால் மூச்சுப் பயிற்சி வகுப்பு முடிந்ததும் ஊழியர் திரும்புவது அதே மேசைக்குத்தானே? உலக சுகாதார நிறுவனமும் 2022 வழிகாட்டுதலில் வேலையின் அமைப்பையே மாற்றுவதையும், மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் பரிந்துரைத்தது.

எந்த வேலையை முதலில் முடிப்பது என்பதை ஊழியரே தீர்மானிக்கட்டும். ஷிப்ட் அட்டவணை முன்கூட்டியே கைக்கு வரட்டும். பள்ளியில் தேர்வுத் தேதி முன்பே தெரியட்டும். மதிப்பெண்ணை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசிப்பதை இன்றே நிறுத்தலாம். அப்புறம், ஆசிரியர்களுக்கும் இதே உடல்தான். பாட வேளையைப் பிரிக்கும்போது அவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.