உண்ணிக்கொக்கு ஏன் மாட்டை விடுவதில்லை?

மேலூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் கிடை மாடு வந்து படுத்தால், விடிந்ததும் உண்ணிக்கொக்குகள் வந்துவிடும். மாட்டின் மேலிருக்கும் உண்ணியைப் பொறுக்குவதால் இந்தப் பெயர். ஆனால் அதன் வயிறு நிறைவது பெரும்பாலும் தரையில்தான். மாடு கால் எடுத்து வைக்கும்போது புல்லிலிருந்து வெட்டுக்கிளி துள்ளும். கொக்கு அதைக் கொத்தும். தேடி அலைகிற வேலையை மாட்டின் கால் குறைத்துவிடுகிறது. கரிச்சான் மாட்டு முதுகில் உட்கார்ந்து வருவதும் இதற்காகத்தான்.

கிடை மாடு என்றால் இங்கே புலிக்குளம் மாடு. ஜல்லிக்கட்டுக் காளைகள் பல இந்த இனம்தான். இவற்றைத் தொழுவத்தில் கட்டி வளர்ப்பதில்லை. கூட்டமாகப் பகலெல்லாம் மேய்ந்து, ராத்திரி ஒருவர் வயலில் படுக்கும். சாணமும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். அதற்கு வயல்காரர் மாட்டுக்காரருக்குக் கூலி கொடுப்பார்.

மேய்ச்சல் தரையில் விழும் சாணியைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. விழுந்த சில நிமிடங்களில் வாசனை பிடித்துச் சாணி வண்டுகள் பறந்து வரும். சில வண்டுகள் உருட்டிக்கொண்டு போகும். சில, சாணிக்கு நேர் கீழே வளை தோண்டி உள்ளே இழுத்துப் புதைக்கும். அந்த உருண்டைக்குள் முட்டை, புழு, அப்புறம் புது வண்டு. இதற்குள் மண்ணுக்குக் காற்றும் நீரும் இறங்க வழி கிடைத்துவிடுகிறது. காற்றில் ஆவியாகிப் போக வேண்டிய தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஒரு பங்கு மண்ணிலேயே தங்குகிறது. ஈ பெருகவும் இடம் குறைகிறது. இந்த வண்டுகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா பார்த்தது. அங்கிருந்த வண்டுகள் கங்காருப் புழுக்கைக்குப் பழகியவை. குடியேறியவர்கள் கொண்டுபோன மாடுகளின் சாணி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தது, ஈ மொய்த்தது. கடைசியில் 1960களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டு வண்டுகளை வரவழைத்து விட்டார்கள்.

இங்கே நடப்பது வேறு. கறவைக்குக் கலப்பினப் பசு வந்தபின் மாடு கொட்டிலில் நிற்கிறது; சாணி குப்பைக்குழியில் ஒரே குவியலாகச் சேர்ந்து சூடேறுகிறது. புல்வெளிச் சாணியில் வாழப் பழகிய வண்டுக்கு அது வீடாகாது. மேய்ந்த இடங்களிலோ சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. அதைப் பரப்பியதில் மாட்டுக்கும் பங்குண்டு: இனிப்பான நெற்றைத் தின்னும், கெட்டியான விதை குடலில் செரிக்காமல் வெளியே வந்து சாணியிலேயே முளைக்கும். காட்டு மேய்ச்சலும் சுருங்கியது. புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்குள் மாடு மேய்க்கக் கூடாது என்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. வளர்ப்பு மாட்டின் கோமாரி நோய் காட்டு மாட்டுக்கும் தொற்றும் என்பதால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கிடைக்காரருக்கு மாற்று மேய்ச்சல் நிலம் காட்டாமல் விடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று மருந்து. குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் பெரும்பாலும் சாணி வழியாகத்தான் வெளியேறும். புழுவின் நரம்பை முடக்கும் அந்த மருந்து, சாணிக்குள் வளரும் வண்டுப் புழுவையும் கொல்லும். நோய்ப்பட்ட மாட்டுக்கு மருந்து வேண்டும்தான். தேவையைப் பார்க்காமல் மந்தை முழுவதற்கும் அடிக்கடி போடுவதைத்தான் குறைக்க வேண்டும்.

உண்ணிக்கொக்கு சமாளித்துக்கொண்டது. உழவு நாளில் டிராக்டர் பின்னால் வரிசையாக நடக்கிறது, குப்பைமேட்டிலும் மேய்கிறது. சாணி வண்டுக்கு அப்படிப் போக வேறு இடம் இல்லை.