ரோல்னா என்ன? ஷெட்யூலர்ல வர்ற ஒரு சொல்லோட கதை

ஷெட்யூலர்னா குறிச்ச நேரத்துக்குக் கம்ப்யூட்டர் வேலைகள (ஜாப்னு சொல்வாங்க) தானா ஓட்டுற சாஃப்ட்வேர், அதுல அடிக்கடி வர்ற சொல்லு "ரோல்". பாண்டில பிரெஞ்சு படிச்சவங்களுக்கு "ரோல்" அவங்க பாஷைலேர்ந்து இங்கிலீஷுக்குப் போன சொல்லுன்னு தெரிஞ்சிருக்கும், ஆனா அதுக்கும் பின்னாடி லத்தீன்ல "ரோட்டுலுஸ்"னு ஒண்ணு இருக்கு, சுருட்டி வச்ச தாள்னு அர்த்தம். நாடகத்துல நடிக்கிறவரு பேச வேண்டியத சுருள்ல எழுதிக் குடுப்பாங்க, போகப்போக சுருளோட பேரே அந்த வேஷத்துக்கு ஆயிடுச்சு. பாகூர் பக்கம் 100 நாள் வேலைக்கு மஸ்டர் ரோல்னு சொல்றோமே, அந்த ரோலும் இதே வேர்தான். ஷெட்யூலும் தாள்லேர்ந்து வந்ததுதான், லத்தீன் "ஸ்கெடுலா"ன்னா சின்ன தாள் துண்டு.

கம்ப்யூட்டர்ல ரோல்னா ஒரு வேலைக்குத் தேவையான அனுமதி எல்லாத்தையும் சேர்த்துக் கட்டுன கட்டு. 1992ல அமெரிக்காவோட நிஸ்ட்ங்கற தர நிர்ணய நிறுவனத்துல ஃபெராயோலோ, குன்னு ரெண்டு பேரு இத முறையா எழுதுனாங்க, 2004ல அது ஸ்டாண்டர்டாவே வந்துச்சு. அனுமதிய ரோலுக்குக் குடு, ஆள ரோல்ல சேரு, ஆளு வேற டீமுக்குப் போனா ரோல்லேர்ந்து எடுத்துடு, அவ்ளோதான்.

ஷெட்யூலர்ல இது ஏன் ரொம்ப முக்கியம்னா, ஒவ்வொரு ஜாப்லயும் எந்த யூசரா ஓடணும்னு ஒரு இடம் இருக்கும், ராத்திரி ஓடுற சம்பள ஜாப்ல அது ரூட்னு (எல்லா அனுமதியும் உள்ள யூசர்) இருந்து, அந்த ஜாபோட கமாண்ட மாத்துற அனுமதி எல்லார்கிட்டயும் இருந்தா, சர்வர் பாஸ்வேர்டே தெரியாதவங்க கூட சர்வர்ல என்ன வேணா பண்ணலாம். நைட் ஷிஃப்ட் ஆப்பரேட்டருக்கு ஹோல்டு (ஜாப நிறுத்தி வைக்கிறது), ரீரன் (திரும்ப ஓட்டுறது), லாக் (ஓடுன பதிவு) பாக்குறது போதும். டெவலப்பருக்கு டெஸ்ட்ல மட்டும் எடிட். யுனிக்ஸோட ஷெட்யூலரான கிரான்ல கிரான்.அலோ, கிரான்.டினைனு ரெண்டு ஃபைல் உண்டு, ஆனா யாரு கிரான்டேப் (எந்த ஜாப் எப்ப ஓடணும்ங்கற பட்டியல்) வச்சுக்கலாம்ங்கறத தவிர அது வேற ஒண்ணும் சொல்லாது.

இங்கதான் ஜாபோட பேரு வருது. புரொடக்‌ஷன் ஜாபெல்லாம் (டெஸ்ட் இல்லாம நிஜமா ஓடுறது) "பி"ல ஆரம்பிக்கணும், அடுத்து சம்பளம்னா "பிஏஒய்", அடுத்து தினசரிக்கு "டி"னு ஒரு முறை வச்சுட்டா, ரோல்ல "பிபிஏஒய்"னு போட்டு ஒரு ஸ்டார் (பின்னாடி எது வந்தாலும் சரின்னு அர்த்தம்) போட்டா போதும், நாளைக்கு வர்ற புது சம்பள ஜாபும் தானா அதுக்குள்ள வந்துடும். "புதுசு_ஃபைனல்_2"னு யாராவது பேரு வச்சா எந்த ரோலும் அத பிடிக்காது, அப்புறம் அவசரத்துக்கு எல்லாருக்கும் முழு அனுமதி குடுத்துடுவாங்க, ஆடிட் வர்ற வரைக்கும் அத யாரும் திருப்பி எடுக்கவும் மாட்டாங்க. பேரு வைக்கிறது அழகுக்குன்னு நெனைக்கிறவங்க இத ஒரு தடவ யோசிச்சுப் பாக்கணும்.

சரி, ரோலுக்குத் தமிழ்ல என்ன? நம்ம தெருக்கூத்துக்கு வேஷம் பொருத்தம், கம்ப்யூட்டர்ல வேஷம்னா ஏமாத்துற மாதிரி ஆயிடும். பங்குன்னா ஷேர் மார்க்கெட் ஞாபகம் வரும். இலங்கைல வகிபாகம்னு எழுதுறாங்க, நல்ல சொல்லு, இங்க பழக்கத்துல இல்ல. எனக்கு "பொறுப்பு"தான் சரின்னு படுது, என்ன செய்யலாம்ங்கறதும் யாரு பதில் சொல்லணும்ங்கறதும் ரெண்டுமே அதுல இருக்கு. ரோல் பேஸ்டு அக்சஸ் கன்ட்ரோல பொறுப்புவழி அணுகல் கட்டுப்பாடுன்னும், நேமிங் ஸ்டாண்டர்ட பெயரிடு முறைன்னும் தாராளமா எழுதலாம்.