டேப்லெட்டுக்குள் ஒரு குடவோலை

பகல் 11 மணி. கணக்கெடுக்க வந்த பெண் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறக்கிறார். வீட்டில் நான்கு பேர்: 72 வயதுப் பாட்டி, 51 வயது அப்பா, 46 வயது அம்மா, 22 வயது மகன். அப்பா கடைக்குப் போய்விட்டார், மகன் மில்லுக்கு. "எனக்கும் பிரஷர் பாத்துட்டுப் போம்மா" என்று பாட்டி கையை நீட்டுகிறார். அம்மா காபி போட எழுந்திருக்கிறார். டேப்லெட்டோ மகனின் பெயரைக் காட்டுகிறது.

இந்தக் குடும்பம் நான் உதாரணத்துக்குச் சொல்வது. ஆனால் இதே காட்சி நம் நாட்டில் ஆயிரக்கணக்கான வாசல்களில் உண்மையாகவே நடந்திருக்கிறது. 2017-18-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) பெங்களூரு நிறுவனம் ஒருங்கிணைத்த தேசிய தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆய்வில், நாடு முழுக்க 600 பகுதிகளில் வீட்டுக்கு ஒருவர் என்று தேர்ந்தெடுத்தார்கள். 18 முதல் 69 வயது வரை உள்ள பெரியவர்களில் ஒரே ஒருவர். அந்த ஒருவர் யார் என்பதை வீட்டுக்காரரும் முடிவு செய்யக் கூடாது, களப்பணியாளரும் முடிவு செய்யக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பகலில் வீட்டில் இருப்பவர்களையே அளந்துகொண்டு போனால், வேலைக்குப் போகிறவர்கள் கணக்கிலிருந்து மெல்ல மறைந்துவிடுவார்கள். இருபதுகளில் இருக்கிற ஆணுக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்ற கேள்விக்கு, லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தவர்களின் அளவுதான் பதிலாக வரும். அதைவிட மோசம், கணக்கு முடிந்த பிறகு இந்தத் தவறு கண்ணுக்கே தெரியாது. எண்கள் அழகாகவே இருக்கும்.

நமக்கு இது புதிய யோசனையும் இல்லை. ஊர்ச் சபைக்கு ஆள் எடுப்பது பற்றிய உத்திரமேரூர்க் கல்வெட்டில் 10-ஆம் நூற்றாண்டிலேயே இதன் இரண்டு பாதிகளும் இருக்கின்றன. முதலில் தகுதி: வயது 35-க்கு மேல், 70-க்குள், சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் சேர முடியாது. அப்புறம் குலுக்கல்: தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். டேப்லெட்டில் நடப்பதும் இதே வரிசைதான்: சல்லடை, பிறகு சீட்டு.

சல்லடை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். டேப்லெட்டில் படிவம் நிரப்ப உதவும் மென்பொருள்களில் பெரிதும் பழக்கமான ஒன்று ஓடிகே (Open Data Kit). 2008-இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கேட்டானோ போரியெல்லோவும் அவருடைய மாணவர்களும் தொடங்கியது. கென்யாவின் எல்டோரெட் பக்கம் வீடு வீடாகப் போய் எச்ஐவி ஆலோசனை தந்தவர்கள் இதை ஆரம்பத்திலேயே கையில் எடுத்தார்கள். இதில் படிவம் செய்ய நிரல் எழுதத் தெரிய வேண்டாம், ஓர் எக்ஸெல் தாள் போதும். ஒரு வரிசைக்கு ஒரு கேள்வி. பக்கத்துக் கட்டங்களில் மூன்று விதமான விதிகள்: இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது, எந்தப் பதிலை ஏற்பது, வந்த பதில்களை வைத்து எதைக் கணக்கிடுவது. "வயது 18-க்குக் குறையாமலும் 69-க்கு மேற்படாமலும் இருந்தால் தகுதி உண்டு" என்பது மூன்றாவது கட்டத்தில் ஒரே ஒரு வரி. பாட்டியின் 72-ஐ அந்த வரி ஓசையில்லாமல் கழித்துவிட்டது.

கேட்க எளிதாக இருக்கிறது. தவறு நுழைவதும் அந்த ஒரு வரியில்தான். ஒரு மருந்துச் சோதனைக்கு ஆள் சேர்க்கிறோம், கர்ப்பிணிகள் வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். "கர்ப்பமா?" என்ற கேள்வியைப் பெண்களிடம் மட்டும் கேட்கும்படி விதி எழுதியாயிற்று. தகுதி வரியில் "கர்ப்பமா என்பதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் சேர்" என்று எழுதுகிறார்கள். படித்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஆண்களிடம் அந்தக் கேள்வியே போகவில்லை, அவர்களுடைய கட்டம் வெறுமையாக இருக்கிறது. மென்பொருளுக்கு வெறுமை வேறு, "இல்லை" வேறு. விளைவு, அத்தனை ஆண்களும் தகுதியற்றவர்கள்! "பதில் ஆம் என்றிருந்தால் தவிர்" என்று திருப்பி எழுதினால் ஆண்கள் தப்பிப்பார்கள். ஆனால் கேள்வியைத் தாண்டிப் போன ஒரு பெண்ணும் உள்ளே வந்துவிடுவார். அதனால் பெண்களுக்கு அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கவும் வேண்டும். களத்துக்குப் போகுமுன் நாலைந்து பொய் மனிதர்களை உருவாக்கி, ஒவ்வொருவரையும் படிவத்தில் ஓட்டிப் பார்க்கிற பழக்கம் இதற்காகத்தான்.

வயதும் அப்படித்தான். பிறந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடும்போது பின்னத்தை வெட்டாமல் கிட்டத்து முழு எண்ணுக்கு மாற்றினால், பதினேழரை வயதுப் பையன் 18 ஆகிவிடுவான். தேதியே தெரியாதவர்கள் இன்னொரு பக்கம். "ஒரு அறுபது இருக்கும்" என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். 60, 65, 70 என்று எண்கள் குவிந்து கிடக்கும். அனுபவமுள்ள களப்பணியாளர் அங்கே டேப்லெட்டை மடியில் வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பார். எம்.ஜி.ஆர். இறந்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா? சுனாமி வந்தபோது மூத்த பிள்ளை எந்த வகுப்பு? 1987, 2004 என்று இரண்டு ஆணி அடித்துவிட்டால் வயது ஓரளவு நிற்கும். இந்தப் பேச்சுக்கு ஈடான மென்பொருள் எதையும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் மனித இயல்பு. பல நாடுகளின் குடும்பநலக் கணக்கெடுப்புகளில் ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டிருக்கிறார்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் நீண்ட நேர்காணல் என்றால், 49 வயதுக்காரர்கள் குறைந்து 50 வயதுக்காரர்கள் திடீரெனப் பெருகுவார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கேள்விகள் அதிகம் என்றால், நாலரை வயதுக் குழந்தைகள் ஐந்தைத் தாண்டிவிடுவார்கள். வெயிலில் அலைந்து களைத்தவர் ஒரு எண்ணை மாற்றினால் ஒரு மணி நேரம் மிச்சம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கூலியும் வேலைப்பளுவும் அப்படி. ஆனால் கணக்கு கெட்டுப்போகிறது. அதனால் நல்ல படிவம் எல்லைக்கோட்டை வெளியே காட்டாது. தகுதிக் கேள்விகள் எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் முடிவைச் சொல்லும், எந்தப் பதிலால் கழிந்தார் என்பதையும் திரையில் சொல்லாது. பின்னணியில் ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை விநாடி நின்றார், எந்தப் பதிலைத் திரும்பிப் போய் மாற்றினார் என்ற குறிப்பும் சேரும். 49-ஐ 50 ஆக்கியது அங்கே தெரியும்.

இனி சீட்டு. பாட்டி போக அப்பா, அம்மா, மகன் மூவர். மூவரில் ஒருவரைச் சாய்வில்லாமல் எடுப்பதற்கு லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949-இல் ஒரு வழி எழுதினார். வீட்டிலுள்ளவர்களைப் பாலினம், வயது வாரியாக வரிசைப்படுத்தி, முன்கூட்டியே அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து எத்தனையாவது ஆள் என்று முடிவு செய்வது. டேப்லெட்டில் அட்டவணை தேவையில்லை, ஒரு சீரற்ற எண் போதும். ஆனால் அந்த எண்ணை ஒரே ஒரு தடவைதான் எடுக்க வேண்டும். படிவத்தைத் திறக்கும்போதெல்லாம் புது எண் வந்தால், அம்மா பெயர் வரும்வரை மூடித் திறந்துகொண்டே இருக்கலாமே! ஓடிகேயில் இதற்கென்றே "ஒருமுறை மட்டும்" என்ற கட்டளை உண்டு. முதலில் விழுந்த எண் உறைந்துவிடும். குடத்துக்குள் இரண்டாவது தடவை கைவிட முடியாது.

ஒன்று கவனியுங்கள். இந்த வீட்டில் மகனுக்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று. தனியாக வாழும் ஒருவருக்கு, அந்த வீட்டுக்குள் வாய்ப்பு முழுசு. அப்படியே கூட்டினால் சின்னக் குடும்பங்களின் குரல் பெரிதாகக் கேட்கும். அதனால் தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணும் கூடவே சேமிக்கப்படும். கடைசிக் கணக்கில் மகனின் அளவுக்கு மூன்று மடங்கு எடை.

கழிந்தவர்களின் பதிவும் முக்கியம். மருந்துச் சோதனை முடிவுகளை வெளியிடும்போது எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை பேர் எந்தக் காரணத்தால் சேரவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெயரும் முகவரியும் தேவையில்லை, காரணமும் எண்ணிக்கையும் போதும். ஆய்வில் சேராத ஒருவரின் நோய் விவரத்தைத் தேவைக்கு மேல் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சில படிவங்கள் இன்னும் அதைச் செய்கின்றன.

ஊரில் சிக்னல் இல்லாவிட்டாலும் இதெல்லாம் நடக்கும். படிவமும் விதிகளும் கருவிக்குள்ளேயே இருப்பதால், பதில்களைச் சேமித்துவைத்து டவர் கிடைக்கும்போது அனுப்பிக்கொள்ளலாம். நடுவில் கருவி தொலைந்தால்? படிவத்தில் பூட்டு வசதியைப் போட்டுவைத்திருந்தால், முடித்த பதிவு கோயில் உண்டியலில் போட்ட காசு மாதிரி. போட யாராலும் முடியும். திறக்கும் சாவி அலுவலகத்தில், டேப்லெட்டில் இல்லை. பதிவு செய்த களப்பணியாளரே அதைத் திரும்பப் படிக்க முடியாது.

நம் திண்ணைக்கு வருவோம். பாட்டியின் ஆசைக்குக் களப்பணியாளர் பெல்ட்டைக் கட்டிப் பார்க்கிறார், அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். அது ஆய்வில் சேராது. அம்மாவிடம் மகன் எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்டுக்கொண்டு கிளம்புகிறார். ராத்திரி ஏழரைக்கு மகன் பஞ்சுத் தூசி படிந்த சட்டையோடு உட்கார, மூன்று தடவை அளக்கிறார். முதல் அளவை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை டேப்லெட் போட்டுக்கொள்கிறது. "இதுக்கு முன்னாடி யாராவது பிரஷர் பாத்திருக்காங்களா?" என்பது அடுத்த கேள்வி. மகன் தலையாட்டுகிறான், இல்லை.