பூ இல்லாத மல்லிகைத் தேநீர்

"மல்லிகை கிரீன் டீ வாங்கினேன். உள்ளே ஒரு பூகூட இல்லை, வாசனை மட்டும் ஆளைத் தூக்குகிறது. எசென்ஸ் தெளித்து ஏமாற்றிவிட்டார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

எசென்ஸ் தெளித்ததும் சந்தையில் உண்டுதான். ஆனால் பூ இல்லாததை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. நல்ல மல்லிகைத் தேநீரில் பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். அழகுக்காகச் சில பூக்களை விட்டுவைப்பதும் உண்டு. அவற்றில் மணம் பெரிதாக மிச்சமிருக்காது.

கிரீன் டீ சங்கதி தெரிந்ததே. பறித்த இலையைச் சூடாக்கினால் அதைக் கறுக்க வைக்கும் நொதிகள் (என்சைம்கள்) செயலிழக்கும், இலை கறுக்காது. சரி, பூவுக்கு வருவோம்.

இந்தத் தேநீருக்குப் பேர்போன ஊர் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து ஃபூச்சோ. அங்குள்ள மல்லிகை, தேயிலை வளர்ப்பு முறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014-இல் உலக வேளாண் மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. அங்கே பறிப்பது பூவை அல்ல, மொட்டை. அதுவும் பிற்பகலில், அன்றிரவே மலரப்போகும் மொட்டை மட்டும்.

அந்த மொட்டை முகர்ந்தால் மணம் இராது. மணம் என்பது காற்றில் எளிதாக ஆவியாகும் மூலக்கூறு. அதோடு ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டிக்கொண்டால் அதனால் பறக்க முடியாது, செல்லின் நீரிலேயே கரைந்து கிடக்கும். லினலூல், பென்சைல் ஆல்கஹால் போன்ற மணப்பொருள்களில் ஒரு பகுதி மொட்டுக்குள் இப்படித்தான் கட்டுண்டு கிடக்கிறது. இரவில் இதழ் விரியும்போது நொதி வந்து சர்க்கரையைக் கத்தரித்து விடுகிறது. இன்னும் சில மணப்பொருள்களை பூ அந்த நேரத்தில்தான் புதிதாகத் தயாரிக்கிறது. இவற்றில் இண்டோல் என்று ஒன்று உண்டு. அளவு மிஞ்சினால் மலநாற்றம். துளியளவு இருந்தால்தான் மல்லிகை மல்லிகையாக மணக்கும்!

பறித்த பிறகும் மொட்டு சாவதில்லை. செடியை விட்டு வந்ததே தெரியாததுபோல் சுவாசிக்கிறது, நேரம் வந்ததும் விரிகிறது. இதழ்கள் பாதி விரிந்து வளைந்து நிற்கும் பதத்தை அங்குள்ள தொழிலாளர்கள் 'புலி நகம்' என்கிறார்கள். அந்தப் பதத்தில் பூவையும் தேயிலையையும் கலந்து குவிக்கிறார்கள். உலர்ந்த இலை முழுக்க நுண்துளைகள். பூ விடும் ஈரத்தையும் மணத்தையும் சேர்த்தே உறிஞ்சும். பூ சுவாசிப்பதால் குவியல் சூடேறும். சூடு மிஞ்சினால் பூ வெந்து மணம் கெட்டுவிடும். அதனால் நடு இரவில் குவியலைப் பரத்தி ஆற்றி, மறுபடி குவிக்கிறார்கள். விடிவதற்குள் பூ துவண்டுவிடும். சலித்து எடுத்து, ஈரமேறிய தேயிலையை உலர்த்தி, அப்புறம் புதுப் பூவோடு மீண்டும் முதலிலிருந்து. உயர்ந்த ரகத்துக்கு இது ஆறேழு முறைகூட நடக்கும்.

இரவில் மணக்கும் வெள்ளைப் பூக்களின் வாசனை பொதுவாக அந்துப்பூச்சிகளுக்கு விடும் அழைப்பு. அந்தக் கடிதத்தைத் தேயிலை வழிமறித்து வாங்கிக்கொள்கிறது என்று நினைக்கவே எனக்குச் சிரிப்பு வரும். மொட்டு எத்தனை மணிக்கு விரிகிறது என்று ஆராய நிதி கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்பவர்கள் இதை ஒரு கோப்பை குடித்துவிட்டுப் பேசலாம்.

போடும் முறை சுருக்கமானது. கொதிநீர் வேண்டாம், 80 டிகிரி செல்சியஸ் போதும். 200 மில்லிக்கு 3 கிராம், இரண்டு மூன்று நிமிடம். இனிப்பும் சுவையும் தரும் தியானின் மிதமான சூட்டிலேயே கரைந்துவிடும். கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டசின்கள் சூடு ஏற ஏறத்தான் அதிகமாக இறங்கும். கோப்பையை மூடியே வையுங்கள், மணம் மூடியில் தங்கும். 'உடம்பின் நச்சை நீக்கும்' என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

குடிக்கும்போது முதல் மடக்கை மூக்கைப் பொத்திக்கொண்டு உறிஞ்சுங்கள். நாக்கில் கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் இனிப்பு, ஈறில் துவர்ப்பு, அவ்வளவுதான். விழுங்கிவிட்டு, மூக்கிலிருந்து கையை எடுத்து, மூக்கு வழியே மெல்ல மூச்சை வெளியே விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மல்லிகை ஏறி வரும்.