ஜாக்பாட் எவ்வளவு ஏறினால் ஆடலாம்?

சென்னையில் பழைய ஆட்களிடம் ஜாக்பாட் என்று சொன்னால் கிண்டி ரேஸ்தான் பேச்சுக்கு வரும். அடுத்தடுத்து ஐந்து பந்தயங்களில் ஜெயிக்கும் குதிரையைச் சொல்ல வேண்டும். யாருக்கும் விழாவிட்டால் தொகை அடுத்த முறைக்கு ஏறும். தொகை ஏற ஏறக் கூட்டமும் ஏறும். ஆனால் எவ்வளவு ஏறினால் டிக்கெட் வாங்குவது லாபம் என்று பென்சில் பிடித்துக் கணக்குப் போட முடியாது. குதிரை எந்த மனநிலையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கணக்குப் போட முடிகிற ஜாக்பாட் ஒன்று உண்டு. லாஸ் வேகாஸ் கேசினோக்களில் இருக்கும் வீடியோ போக்கர் மெஷின் அது. எதிராளி கிடையாது. காசு போட்டால் திரையில் ஐந்து சீட்டு வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை ஒரே ஒரு முறை மாற்றலாம். கடைசியில் கையில் நிற்பதற்கு ஏற்ப, பக்கத்திலேயே எழுதியிருக்கும் பட்டியல்படி பணம். ஒரு ஜோடி ஜாக் அல்லது அதற்கு மேல் இருந்தால் போட்ட காசு திரும்பும். ஒரே வகையில் பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் ஐந்தும் சேர்ந்தால் ராயல் ஃப்ளஷ். அதற்குத்தான் ஜாக்பாட்.

சாதாரண ஸ்லாட் மெஷினில் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இதில் முடியும். நெவாடா மாநில விதிப்படி, மெஷின் சீட்டுக்கட்டைக் காட்டினால் உள்ளேயும் நிஜக் கட்டின் வாய்ப்புகளே இருக்க வேண்டும். 52 சீட்டில் ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். அதில் நான்குதான் ராயல். மாற்றிக்கொள்ளும் வசதியும் இருப்பதால், சரியாக ஆடுகிறவருக்குச் சுமார் 40,000 கைக்கு ஒரு ராயல் விழும். எல்லாம் எண்ணித் தீர்க்கக்கூடிய கணக்கு. செல்போன் செயலியில் வரும் சீட்டுக்கு இப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்தும் இருக்கிறது.

தெரிந்தவர்கள் மெஷின் முன்னால் நின்றதும் ஜாக்பாட் தொகையைப் பார்ப்பதில்லை. பட்டியலில் இரண்டு வரியைப் பார்ப்பார்கள்: ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு, கூடவே ஒரு ஜோடி), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே வகை). முதலாவதற்கு ஒன்பது மடங்கும் அடுத்ததற்கு ஆறு மடங்கும் தந்தால் நல்ல மெஷின். ராயலுக்கு 800 மடங்கு என்ற அடிப்படைப் பரிசிலேயே, கச்சிதமாக ஆடினால் 100 ரூபாய்க்கு 99.54 திரும்பும். எட்டும் ஐந்தும் தந்தால் 97.30 தான். இந்த இரண்டு கைகளும் ஒவ்வொன்றும் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலாக விழுவதால், ஒவ்வொரு மடங்கு குறைப்பும் ஒரு சதவீதத்துக்கு மேல் தின்றுவிடும். ஏறும் ஜாக்பாட் வைத்த மெஷின்கள் பலவும் இந்த எட்டு-ஐந்து ரகம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொருவர் போடும் காசிலும் ஒரு சிறு பங்கு, பல இடங்களில் ஒரு சதவீத வாக்கில், ஜாக்பாட் தொகையைக் காட்டும் மீட்டரில் சேரும். யாருக்காவது ராயல் விழுந்ததும் மீட்டர் அடிப்படைக்கு இறங்கிவிடும். ஐந்து நாணயம் போட்டு ஆடும் மெஷினில் அந்த அடிப்படை 4,000 நாணயம். கால் டாலர் மெஷின் என்றால் 1,000 டாலர். ஐந்தும் போடாதவருக்கு ஜாக்பாட் கிடையாது.

எட்டு-ஐந்தில் எப்போது கணக்கு சரியாகும்? 97.30-இல் ராயலின் பங்கு ஏறக்குறைய 2. மற்ற எல்லாக் கைகளும் சேர்ந்து திருப்பித் தருவது 95.3. ஆக ராயல் விழாத வரை 100-க்கு 4.70 கசிகிறது. 40,000 கைக்கு ஒரு ராயல் என்றால், அது வருவதற்குள் கசிவது சுமார் 1,880 பந்தயம்; ஒரு கைக்குப் போடும் ஐந்து நாணயம் ஒரு பந்தயம், அதாவது 9,400 நாணயம். மீட்டர் அங்கே நின்றால் போட்டதும் வந்ததும் சமம்.

ஆனால் இது பழைய மாதிரியே ஆடினால். மீட்டர் ஏறும்போது ஆட்டமும் மாற வேண்டும். ஹார்ட்டின் ராஜா, ராணி, ஜாக், கூடவே இஸ்பேட் ராஜா, கிளாவர் நாலு வந்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டு ராஜாக்களை வைத்து மூன்றை மாற்றுவதா, மூன்று ஹார்ட்டினை வைத்து ராயலைத் துரத்துவதா? ஜோடியின் சராசரி மதிப்பு 1.53 பந்தயம். மூன்று ஹார்ட்டினை வைத்தால் இரண்டு சீட்டு 1,081 விதமாக வரலாம். ராயல் ஒரே ஒரு விதம். பரிசு 800 மடங்காக இருக்கும்போது இதன் மதிப்பு 1.45. ஜோடிக்கே போக வேண்டும். 884 மடங்கைத் தாண்டியதும், அதாவது மீட்டர் 4,420 நாணயத்தைக் கடந்ததும், தராசு மறுபக்கம் சாய்கிறது. 1,740 மடங்கில் மூன்று ஹார்ட்டினின் மதிப்பு 2.32, அப்போதும் ராஜா ஜோடியைக் கட்டிக்கொண்டிருப்பது வீண். கால் டாலர் மெஷினில் மீட்டர் 2,850 டாலரைத் தாண்டிவிட்டாலோ, ராஜாவில் முடியும் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஒரே வகையில் ஒன்பது, பத்து, ஜாக், ராணி, ராஜா) கையில் வந்து, 50 மடங்கு நிச்சயமாக இருக்கும்போதும், ஒன்பதைத் தூக்கி எறிந்துவிட்டு ஏஸுக்கு ஆடுவதுதான் கணக்குப்படி சரி. மனசு வராது என்பது வேறு விஷயம்.

இப்படி மாற்றி ஆடினால் ராயல் முப்பதாயிரத்துச் சொச்சம் கைக்கு ஒன்று விழும். சமநிலைப் புள்ளியும் 8,700 நாணய வாக்கில், கால் டாலர் மெஷினில் 2,175 டாலரை ஒட்டி, இறங்கிவிடும்.

மீட்டர் உயரமாக இருக்கிறது, எனவே சீக்கிரம் விழப்போகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றாகிவிட்டது, இனி 21ஜி வந்துதான் ஆக வேண்டும் என்பது போல. மெஷினுக்கு அட்டவணையும் கிடையாது, ஞாபகமும் கிடையாது. ஏறுவது பரிசு, வாய்ப்பு இல்லை. பக்கத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து அதே ஜாக்பாட்டுக்கு ஆடினாலும் உங்கள் அடுத்த கையின் மதிப்பு குறையாது. ஆனால் அவர்களில் ஒருவர் தட்டிச் சென்றால் நீங்கள் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், ஆபீஸ் மாநாட்டுக்கு லாஸ் வேகாஸ் போனபோது ஒரு படம் அனுப்பினான். எட்டு-ஐந்து, கால் டாலர், மீட்டர் 2,310. "மாமா, 2,175 தாண்டிடுச்சே, உட்காரட்டுமா?" என்று கேட்டிருந்தான்.

தாண்டிவிட்டது உண்மைதான். எவ்வளவு தாண்டியது? சமநிலைக்கு மேலே 135 டாலர். அதை முப்பதாயிரத்துச் சொச்சம் கைக்குப் பங்கிட்டால், போடும் 100 டாலருக்கு சுமார் 34 சென்ட். வேகமாக ஆடுகிறவர் மணிக்கு 600 கை, ஒரு கைக்கு ஒன்றேகால் டாலர் என்று 750 டாலரைச் சுழற்றுவார். ஆக வருமானம் மணிக்கு இரண்டரை டாலர். அதுவும் சராசரி. ராயல் விழாத வரை அதே மணிக்கு 40 டாலர் கரைந்துகொண்டிருக்கும். சராசரிக் காலமான ஐம்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் உட்கார்ந்தாலும் ராயலே பார்க்காமல் எழுந்திருக்க 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. லாஸ் வேகாஸில் இதைத் தொழிலாகவே செய்த குழுக்கள் இருந்தன: முதல் போடுகிறவர் ஒருவர், மணிக்கூலிக்கு உட்காருகிறவர்கள் பலர், ராயல் விழுந்தால் முதலாளிக்கு. ஒரு வரிசை நாற்காலி முழுவதையும் பிடித்துக்கொண்டு, மீட்டர் விழும் வரை ஷிப்ட் போட்டு ஆடுவார்கள். மீட்டர் ஏறிக்கொண்டே இருப்பதும் கடைசி வரை இருப்பவர்களுக்குத்தான் லாபம். இரண்டு மணி நேரத்தில் கிளம்புகிற ஆள் அந்த ஒரு சதவீதத்தைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

நான் அவனிடம் முதலில் கேட்டது விசாவைப் பற்றி. அமெரிக்க வரிச் சட்டத்தில் வெளிநாட்டவரின் ஸ்லாட், வீடியோ போக்கர் ஜாக்பாட்டுக்கு 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிளாக்ஜாக், ரூலட் போன்ற சில ஆட்டங்களுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்கர்கள் தோற்ற பணத்தை வருடக் கடைசியில் கணக்கில் காட்ட வழி உண்டு. இந்தியாவிலிருந்து போன விருந்தாளிக்கு அது இல்லை. 2,310-இல் அவன் கைக்கு வருவது 1,617. அவனுடைய சமநிலைப் புள்ளி 2,175 இல்லை, 3,107. பக்கத்து நாற்காலியில் இருக்கும் உள்ளூர் ஆளுக்கு ஆடலாம் என்கிற அதே மீட்டர், இவனுக்கு இன்னும் 800 டாலர் ஏற வேண்டும்.